கோதிக் புனைவுகளின் பால்புதுமை மறுகூறல்கள்

கோதிக் புனைவுகளின் பால்புதுமை மறுகூறல்கள் என்பவை, 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் எழுதப்பட்ட திகில் கதைகளைத் தன்பாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் முதலியோரின் நோக்கில் மீண்டும் சொல்லும் புதினங்கள், சிறுகதைகள், திரைப்படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள் ஆகியவற்றைக் குறிக்கும். மூலக்கதைகளில் பேயாகவும், இரத்தக் காட்டேரியாகவும், உருக்குலைந்த மனிதனாகவும் பிறரால் விவரிக்கப்பட்ட பாத்திரம், மறுகூறலில் தன் கதையைத் தானே சொல்கின்றது. தமிழில் இப்போக்கு அச்சு நூல்களைவிடப் பேய்ப்படங்கள் வழியாகவே பரவலாக அறியப்பட்டது. 2011 இல் வெளியான காஞ்சனா இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும். பழனி மலைத்தொடரும் அதிலுள்ள கொடைக்கானலும் இவ்வகைக் கதைகளுக்கு நெருக்கமான சில தமிழ்த் திரைப்படங்களின் களமாக அமைந்துள்ளன.

சொல் விளக்கம்

கோதிக் என்னும் சொல் முதலில் ஐரோப்பிய இடைக்காலக் கட்டடக்கலைப் பாணி ஒன்றைக் குறித்தது. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764 இல் வெளியிட்ட ஒட்ராண்டோ கோட்டை என்னும் புதினத்தின் இரண்டாம் பதிப்பில், தம் நூலைக் கோதிக் கதை என்று குறிப்பிட்டார். அதன் பின்னர் பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, குடும்ப இரகசியம், சிறைப்பட்ட பெண், இறந்தும் அடங்காத ஆவி ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்ட கதைகள் இப்பெயரால் வழங்கலாயின.

பால்புதுமை என்பது பாலினம், பாலீர்ப்பு ஆகியவற்றில் பெரும்பான்மை வழக்கிலிருந்து வேறுபட்டோரை ஒருங்கே குறிக்கும் புதிய தமிழ்ச் சொல்லாகும். பால்புதுமையினர் என்பது அவர்களுக்கான பெயர். இவர்களை மதிப்புடன் குறிக்கும் சொற்கள் தமிழ் ஊடகங்களில் இல்லாமை 2021 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் நடைபெற்ற ஒரு வழக்கில் பேசப்பட்டது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022 இல் தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

செவ்வியல் கோதிக் கதைகளில் மறைபொருள்

வால்போலுக்குப் பின் வந்த முதல் தலைமுறை நூல்களிலேயே பால் மயக்கம் ஒரு கதைக்கூறாக இடம்பெற்றது. மத்தேயு லூயிஸ் 1796 இல் வெளியிட்ட துறவி என்னும் புதினத்தில், மடத்தின் தலைவர் ரொசாரியோ என்னும் இளந்துறவியிடம் அன்பு கொள்கின்றார். பின்னர் ரொசாரியோ ஆண் வேடம் பூண்ட பெண் எனத் தெரியவருகின்றது.

அயர்லாந்து எழுத்தாளர் செரிடன் லெ ஃபனு எழுதிய கார்மில்லா 1871 முதல் 1872 வரை இதழொன்றில் தொடராக வெளிவந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா நாட்டுப்புறத்தில் தந்தையுடன் தனித்து வாழும் லாரா என்னும் பெண்ணின் வீட்டுக்குக் கார்மில்லா என்னும் இளம்பெண் விருந்தாளியாக வருகின்றாள். இருவரிடையே நெருங்கிய அன்பு வளர்கின்றது. லாராவின் உடல் நாளுக்கு நாள் நலிகின்றது. இறுதியில் கார்மில்லா ஓர் இரத்தக் காட்டேரி எனக் கண்டறியப்பட்டு, கல்லறையில் முளை அறையப்பட்டுத் தலை துண்டிக்கப்படுகின்றாள். புகழ்பெற்ற டிராகுலா (1897) வெளிவருவதற்கு 25 ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்ட கதை இது.

இக்கதைகள் எழுதப்பட்ட காலத்துச் சட்டங்கள் இவற்றின் வடிவத்தைத் தீர்மானித்தன எனலாம். பிரித்தானியாவில் 1885 இல் இயற்றப்பட்ட குற்றவியல் திருத்தச் சட்டம் ஆண்களிடையேயான உறவைத் தனிமையில் நிகழ்ந்தாலும் தண்டனைக்குரியதாக்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைட் கதை வெளிவந்தது. மதிப்புக்குரிய ஒருவர் மறைவான இன்னொரு வாழ்க்கை நடத்துவதும், அது வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சுவதும் அதன் பொருளாகும். அமெரிக்கத் திறனாய்வாளர் எலைன் சோவால்ட்டர் 1990 இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டையும் தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். ஆஸ்கார் வைல்டு எழுதிய டோரியன் கிரேயின் ஓவியம் (1890) என்னும் கதை, 1895 இல் நடைபெற்ற வழக்கில் அவருக்கு எதிராகவே மேற்கோள் காட்டப்பட்டது. அவ்வாண்டில் அவருக்கு இரண்டு ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தியாவிலும் இதே நூற்றாண்டில்தான் இத்தகைய சட்டம் வந்தது. 1860 இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, வயது வந்தோர் ஒப்புதலுடன் கொள்ளும் தன்பால் உறவையும் குற்றமாக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தகைய உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது.

வெளிப்படையாகச் சொல்ல இயலாத ஒன்றைப் பேய்க் கதையாகச் சொல்ல முடிந்தது. ஆயினும் அப்படிச் சொல்வதற்கு ஒரு விலை இருந்தது. கதை முடிவதற்குள் பேய் அழிக்கப்பட வேண்டும். வாசகர் கண்ட ஈர்ப்பு குற்றமென்று உறுதிசெய்யப்பட வேண்டும். மறுகூறல்கள் மாற்ற முனைவது இம்முடிவையே.

மறுகூறலின் முறைகள்

இவ்வகை ஆக்கங்களில் பொதுவாக நான்கு முறைகள் காணப்படுகின்றன.

1. கதைசொல்லியை மாற்றுதல். அஞ்சியவர் சொன்ன கதையை அஞ்சப்பட்டவர் சொல்வதாக அமைத்தல்.
2. மறைபொருளை வெளிப்படையாக்குதல். மூலத்தில் குறிப்பாக உணர்த்தப்பட்ட உறவைக் காதல் என்றே பெயரிட்டுச் சொல்லுதல்.
3. முடிவை மாற்றுதல். கொல்லப்பட்ட பாத்திரத்தை உயிர் வாழவிடுதல்.
4. இடத்தையும் காலத்தையும் மாற்றுதல். ஐரோப்பியக் கோட்டையிலிருந்து வேறு நாட்டுக்கும் வேறு வரலாற்றுக்கும் கதையைக் கொண்டுசெல்லுதல்.

மூலநூல்களில் பலவற்றின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையால், கார்மில்லா, டிராகுலா, பிராங்கன்ஸ்டைன் ஆகியவற்றை எவரும் இசைவு பெறாமல் மீண்டும் எழுத முடியும். இவற்றுக்கு மறுகூறல்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உலக அளவில் குறிப்பிடத்தக்க ஆக்கங்கள்

பிராங்கன்ஸ்டைன் (1818) கதையைப் படமாக்கிய ஜேம்ஸ் வேல், தன்பாலீர்ப்புடையவராக மறைவின்றி வாழ்ந்தவர். 1931 இலும் 1935 இலும் அவர் இயக்கிய இரண்டு படங்களில், படைக்கப்பட்ட உயிர் இரக்கத்துக்குரியதாகக் காட்டப்பட்டது. அமெரிக்க வரலாற்றாய்வாளரும் திருநங்கையுமான சூசன் ஸ்டிரைக்கர் 1994 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிப்படையானதாகக் கருதப்படுகின்றது. மருத்துவத்தின் துணையால் மாற்றப்பட்ட தம் உடலையும் பிராங்கன்ஸ்டைன் படைத்த உயிரையும் ஒப்பிட்ட அவர், அரக்கன் என்னும் வசையைத் தாமே ஏற்று, அதனைச் சினத்தின் குரலாக்கினார். ஜெனட் விண்டர்சன் 2019 இல் வெளியிட்ட பிராங்கிஸ்டைன் புதினத்தில் பால்மாறிய மருத்துவர் ஒருவர் முதன்மைப் பாத்திரமாக வருகின்றார்.

காட்டேரிக் கதைகளில், கருப்பினத்தைச் சேர்ந்த தன்பாலீர்ப்புப் பெண் ஒருவரைக் காட்டேரியாகக் கொண்டு ஜுவெல் கோமஸ் எழுதிய கில்டா கதைகள் (1991) குறிப்பிடத்தக்கது. அடிமையாக இருந்து தப்பிய அவர், உயிர்களைக் கொல்லாமல் வாழ முயல்கின்றார். கார்மில்லாவை இக்காலக் கல்லூரி விடுதிக்கு மாற்றிய கனடிய இணையத் தொடர் 2014 முதல் 2016 வரை வெளிவந்தது. இதில் லாராவும் கார்மில்லாவும் காதலர்கள்.

இடமாற்றத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகத் தென்கொரிய இயக்குநர் பார்க் சான்-ஊக்கின் தி ஹேண்ட்மெய்டன் (2016) திரைப்படத்தைக் கூறலாம். சாரா வாட்டர்ஸ் விக்டோரியா காலத் திகில் புதினங்களின் பாணியில் எழுதிய பிங்கர்ஸ்மித் (2002), இப்படத்தில் சப்பானிய ஆட்சிக் காலக் கொரியாவுக்கு மாற்றப்பட்டது. பெரிய வீட்டில் அடைபட்ட பெண்ணும், அவளை ஏமாற்ற வந்த பணிப்பெண்ணும் காதலித்து அங்கிருந்து தப்புகின்றனர்.

இந்தியாவும் இலங்கையும்

உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் 1942 இல் வெளியிட்ட லிகாஃப் சிறுகதையில், பெரிய வீடொன்றில் கணவனால் புறக்கணிக்கப்பட்ட பெண்ணுக்கும் அவருடைய பணிப்பெண்ணுக்கும் உள்ள உறவு ஒரு சிறுமியின் பார்வையில் சொல்லப்படுகின்றது. இரவில் சுவரில் அசையும் போர்வையின் நிழலைக் கண்டு சிறுமி அஞ்சுகின்றாள். அக்கதைக்காக ஆசிரியர் மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டு லாகூர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. அவர் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார்.

இராசத்தானி எழுத்தாளர் விஜயதான் தேத்தா (1926-2013) நாட்டுப்புறக் கதை மரபிலிருந்து எழுதிய இரட்டைப் பிறவி பற்றிய கதையில் பேய்கள் வேறு வகையில் தோன்றுகின்றன. பேராசை கொண்ட தந்தை, தன் மகளை ஆணாக வளர்த்து இன்னொரு பெண்ணுக்கு மணம் செய்து வைக்கின்றார். உண்மை தெரிந்தும் இருவரும் பிரிய மறுக்கின்றனர். ஊரார் அவர்களைத் துரத்துகின்றனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவது பேய்களின் தலைவன். இங்குப் பேய் காவலாகவும் ஊர் அச்சமாகவும் அமைகின்றன.

கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய சியாம் செல்வதுரை 2013 இல் வெளியிட்ட பசித்த பேய்கள் என்னும் ஆங்கிலப் புதினம், பௌத்த மரபின் பிரேதக் கதைகளைப் பயன்படுத்துகின்றது. தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த சிவன் என்னும் தன்பாலீர்ப்புடைய இளைஞன், இலங்கையில் சொத்துகளை ஆளும் பாட்டியின் பிடியில் வளர்கின்றான். ஆசை தீராமல் அலையும் பிரேதங்கள் என்னும் படிமம் பாட்டிக்கும் பேரனுக்கும் பொருந்துமாறு கதை அமைந்துள்ளது. கொல்கத்தாவைச் சேர்ந்த இந்திரபிரமித் தாஸ் எழுதிய த டிவவரர்ஸ் (2015), ஓநாய் மனிதர் பற்றிய ஐரோப்பியக் கதைகளை முகலாயர் கால இந்தியாவுக்கு மாற்றியது. இந்நூல் 2017 இல் லாம்டா இலக்கிய விருது பெற்றது.

தமிழ் மரபு

தமிழில் பேய் வெறுக்கத்தக்க ஒன்றாக மட்டும் கருதப்படவில்லை. காரைக்கால் அம்மையார் தம் பெண்மை எழிலை நீக்கிப் பேயுரு வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் கூறுகின்றது. சயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் பேய்களே கதை கேட்பனவாகவும் சமைப்பனவாகவும் உள்ளன. காட்டேரி பல ஊர்களில் அம்மனாக வழிபடப்படுகின்றது. அநீதியாகக் கொல்லப்பட்டோர் ஆவியாகத் திரும்பிப் பழிவாங்குவதும், பின்னர் ஊரார் அவர்களுக்குக் கோயில் எடுத்துப் படையலிடுவதும் தமிழ் நாட்டுப்புற வழிபாட்டில் பரவலாகக் காணப்படுகின்றன. கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகத் திரும்பிய பழையனூர் நீலியின் கதை இவ்வகையில் நன்கு அறியப்பட்டது.

ஐரோப்பியக் கதைகள் தமிழுக்கு வந்தபோதும் பெரும்பாலும் தழுவல்களாகவே வந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் மர்மப் புதினங்களைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதினார். மேரி செல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் பிரேத மனிதன் என்னும் பெயரில் புதுமைப்பித்தன் தமிழில் தந்தார்.

புதுமைப்பித்தனின் சொந்தச் சிறுகதையான காஞ்சனை, தமிழின் சிறந்த திகில் கதைகளுள் ஒன்றாகும். எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்கு அவருடைய மனைவி அறிமுகமற்ற பெண் ஒருத்தியை வேலைக்கு அழைத்து வருகின்றாள். மனைவி அவளிடம் இணக்கமாக இருக்கின்றாள். கணவன் மட்டும் அஞ்சுகின்றான். வெளியிலிருந்து வந்த பெண், வீட்டிலுள்ள பெண், அஞ்சும் ஆண் என்னும் இவ்வமைப்பு கார்மில்லாவுடன் ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் காஞ்சனை கணவனின் வாய்மொழியாகவே சொல்லப்படுகின்றது. மனைவி அந்நாட்களில் என்ன உணர்ந்தாள் என்பது கதையில் இல்லை. மறுகூறல்கள் வழக்கமாகத் தொடங்குவது இத்தகைய இடைவெளியிலிருந்துதான். புதுமைப்பித்தன் 1948 இல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பின் பதிப்புரிமை முடிவடைவதால், இக்கதையையும் எவரும் மீண்டும் எழுதலாம்.

காஞ்சனா திரைப்படம்

ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த முனி 2: காஞ்சனா 2011 சூலையில் வெளியானது. பேய்க்கு அஞ்சும் இளைஞன் ஒருவனின் உடலில் காஞ்சனா என்னும் திருநங்கையின் ஆவி புகுகின்றது. காஞ்சனாவாக நடித்தவர் சரத்குமார். சிறுவயதில் பெற்றோரால் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட காஞ்சனாவை முசுலிம் பெரியவர் ஒருவர் ஆதரிக்கின்றார். தம்மைப் போலவே கைவிடப்பட்ட இன்னொரு திருநங்கையைக் காஞ்சனா வளர்த்து மருத்துவப் படிப்புக்கு அனுப்புகின்றார். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி ஒருவர் அபகரிக்க, காஞ்சனாவும் அவருக்கு அடைக்கலம் தந்தோரும் கொல்லப்படுகின்றனர். ஆவியாகத் திரும்பும் காஞ்சனா பழிவாங்குகின்றார். இப்படம் லட்சுமி என்னும் பெயரில் இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டு 2020 நவம்பரில் வெளியானது.

இப்படம் எந்த ஐரோப்பிய நூலின் தழுவலும் அன்று. எனினும் மேற்கூறிய மறுகூறல் முறை இதில் தெளிவாக உள்ளது. படத்தின் முற்பகுதியில் பேய் அச்சமூட்டுகின்றது. பிற்பகுதியில் அது தன் வாழ்க்கையைச் சொல்கின்றது. அதன் பின்னர்ப் பார்வையாளர் பேயின் பக்கம் நிற்கின்றனர். கொலையுண்டோர் தெய்வமாகும் நாட்டுப்புற மரபின் தொடர்ச்சியாகவும் இதனைக் கொள்ளலாம். அம்மரபின் வரம்பும் இப்படத்தில் உள்ளது. காஞ்சனாவுக்கு நீதி கிடைப்பது இறப்புக்குப் பின்னரே. ஊரார் அவரை மதிக்க அவர் முதலில் கொல்லப்பட வேண்டியிருக்கின்றது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் வெளியான ஐ (2015) திரைப்படம் அழகியும் அரக்கனும் கதையை நினைவூட்டுவது. இதில் உருக்குலைந்த நாயகன் பார்வையாளரின் இரக்கத்தைப் பெறுகின்றான். திருநங்கைப் பாத்திரமோ அவனுக்குத் தீங்கு செய்வோருள் ஒருவராகவும் கேலிக்குரியவராகவும் காட்டப்படுகின்றார். திருநங்கையர் பலர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

பழனி மலையும் கொடைக்கானலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையான பழனி மலையில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்தோர் 1845 இல் இங்கு முதல் வீடுகளைக் கட்டினர். கல்லால் ஆன பங்களாக்கள், கணப்பு அடுப்புகள், தேவாலயங்கள், சோலைக்காடுகள், நண்பகலிலும் இறங்கும் மூடுபனி ஆகியவற்றால், ஐரோப்பியத் திகில் கதைகளின் நிலக்காட்சிக்கு மிக அண்மையான தமிழகப் பகுதிகளுள் ஒன்றாக இது உள்ளது.

இங்குள்ள ஆழமான குகையொன்றை ஆங்கிலேயர் பேயின் சமையலறை என்று அழைத்தனர். 1991 இல் சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த குணா திரைப்படத்தின் காட்சிகள் இங்குப் படமாக்கப்பட்டன. சிறைப்பட்ட பெண், அவளைச் சிறைப்படுத்திய பித்தன் என்னும் கோதிக் கதைக்கூற்றை அப்படம் பித்தனின் பக்கம் நின்று சொன்னது. அது பால்புதுமைக் கதையன்று. ஆயினும் அஞ்சப்பட்டவரின் நோக்கில் கதையை அமைக்கும் முறையை அது கையாண்டது. அதன் பின்னர் அவ்விடத்தின் பெயரும் மாறிற்று. இன்று அது குணா குகை என்றே பரவலாக அறியப்படுகின்றது. மறுகூறல் ஓர் அச்சத்தின் பெயரையே மாற்றக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

ராம் இயக்கிய பேரன்பு திரைப்படத்தின் முற்பகுதி கொடைக்கானல் மலைப்பகுதியில் படமாக்கப்பட்டது. 2018 சனவரியில் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2019 பெப்ரவரியில் இது வெளியானது. மூளை முடக்குவாதம் கொண்ட மகளுடன் ஒரு தந்தை, மனிதர் பார்வையிலிருந்து விலகி ஏரிக்கரையில் உள்ள தனி வீட்டில் வாழ்கின்றார். அங்கு வரும் பெண்ணிடம் ஒரு மறைவு இருக்கின்றது. இவை கோதிக் கதையின் அடிப்படைக் கூறுகள். ஆனால் இதில் பேய் இல்லை. அவர்களை அவ்வீட்டிலிருந்து வெளியேற்றுவோர் மனிதரே. பின்னர் நகரத்தில் தந்தைக்கும் மகளுக்கும் துணையாவது மீரா என்னும் திருநங்கை. அப்பாத்திரத்தில் திருநங்கையான அஞ்சலி அமீர் நடித்தார். மீரா இறக்கவில்லை, பழிவாங்கவும் இல்லை. கதையின் முடிவில் அவர் அக்குடும்பத்தில் ஒருவராகின்றார். பேரன்பு பொதுவாகத் திகில் வகையில் சேர்க்கப்படுவதில்லை. எனினும் காஞ்சனாவுடன் சேர்த்து நோக்கும்போது, எட்டு ஆண்டுகளுக்குள் தமிழ்த் திரைப்படத்தில் திருநங்கைப் பாத்திரம் ஆவி நிலையிலிருந்து வீட்டில் ஒருவர் என்னும் நிலைக்கு வந்த மாற்றம் புலப்படும்.

விமர்சனங்கள்

இவ்வகை ஆக்கங்கள் மீது பல்வேறு விமர்சனங்கள் முன்வைக்கப்படுகின்றன.

மூலநூலில் இல்லாத பொருளைப் பிற்காலத்தவர் ஏற்றிச் சொல்கின்றனர் என்பது ஒன்று. கார்மில்லா போன்ற கதைகளில் இப்பொருள் வெளிப்படையாகவே உள்ளது என்றும், மறுகூறல் மூலத்துக்கு மாற்றாக வருவதில்லை, அதனுடன் சேர்த்தே படிக்கப்படுகின்றது என்றும் இதற்கு மறுமொழி கூறப்படுகின்றது.

பேயை நல்லவராக்குவதால் அதன் ஆற்றல் குறைகின்றது என்பது மற்றொன்று. ஸ்டிரைக்கர் போன்றோர் அரக்கன் என்னும் நிலையைக் கைவிடாமல் அதனையே வலிமையாகக் கொண்டனர்.

பால்புதுமைப் பாத்திரங்கள் மறுகூறலிலும் இறப்பது தொடர்கின்றது என்பது மூன்றாவது விமர்சனம். ஹென்றி ஜேம்சின் 1898 ஆம் ஆண்டுக் கதையைத் தழுவிய த ஹாண்டிங் ஆஃப் பிளை மேனர் (2020) தொடரில், காதலர்களான இரு பெண்களுள் ஒருவர் இறுதியில் ஏரியில் மூழ்கி ஆவியாகின்றார்.

தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை, திருநங்கைப் பாத்திரங்களில் பெரும்பாலும் ஆண் நடிகர்களே நடிப்பதும், அச்சமும் இரக்கமும் உள்ள காட்சிகளுக்கிடையே பெண்தன்மையுள்ள ஆண்களைக் கேலி செய்யும் நகைச்சுவை இடம்பெறுவதும் கண்டிக்கப்படுகின்றன. உடலில் பேய் புகுந்ததால்தான் ஓர் ஆண் சேலை உடுத்துகின்றான் என்று காட்டுவது, திருநங்கையரின் பாலின அடையாளத்தைப் பேய்பிடித்தலாகக் கருதும் பழைய எண்ணத்தை வலுப்படுத்தும் என்பதும் இவற்றோடு சொல்லப்படுகின்றது. இத்தகைய எண்ணத்தால் பால்புதுமை இளைஞர்களை அவர்தம் குடும்பத்தினர் மந்திரவாதிகளிடமும் கட்டாய மருத்துவத்துக்கும் அழைத்துச் செல்வதுண்டு. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடுக்க வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 இல் ஆணையிட்டது. பேய்க் கதையில் யார் பேயாகக் காட்டப்படுகின்றார் என்பது இவ்வாறு கதைக்கு வெளியிலும் விளைவுகளை உண்டாக்குகின்றது.